துறைமுகம் மூடிய நாள்: புந்தா அரேனாஸ் குறிப்புகள்

ஜனவரி 13, 2025, திங்கள்

சாந்தியாகோவில் சட்டை முதுகில் ஒட்டும் வெயிலில் விமானம் ஏறி, ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் தெற்கு நோக்கியே பறந்து புந்தா அரேனாசில் இறங்கியபோது, வெப்பநிலை ஒன்பது டிகிரி என்று பலகை காட்டியது. இங்கே இது கோடையின் நடுப்பகுதி. சிலே நாட்டின் தென்கோடியில், 53 பாகை தெற்கு அட்சரேகையில், மகெல்லன் நீரிணையின் கரையில் இருக்கும் இந்தத் துறைமுக நகரத்துக்கு நாட்டின் மற்ற பகுதிகளிலிருந்து சிலே மண்ணின் மீதாகவே வந்துசேரும் சாலை கிடையாது. அர்ஜென்டீனாவுக்குள் நுழைந்து சுற்றி வர வேண்டும், இல்லாவிட்டால் கப்பலையோ விமானத்தையோ நம்ப வேண்டும். ஒன்றேகால் லட்சம் பேருக்கு மேல் வசிக்கும் ஊர் இத்தனை தள்ளி எதற்காக இருக்கிறது என்ற கேள்வியோடுதான் வந்தேன்.

விமான நிலைய வாசலில் டாக்ஸியின் கதவைத் திறக்கப் போனேன். ஓட்டுநர் ஓடி வந்து என் கையை விலக்கி, கதவின் மேல்விளிம்பை ஒரு கையாலும் கைப்பிடியை மறு கையாலும் பற்றி, தன் உடம்பையே முட்டுக்கொடுத்து, ஒரு ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்துவிட்டார். கதவைக் காற்றிடம் விட்டுவிட்டால் கீலோடு போய்விடும் என்றும், வாடகைக் கார் எடுக்கும் வெளியூர்க்காரர்கள் அதிகமாகத் தண்டம் கட்டுவது மோதலுக்காக அல்லாமல் கதவுக்காகத்தான் என்றும் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் காரை நிறுத்திய இடங்களிலெல்லாம் மூக்கைக் காற்றுக்கு எதிராகத் திருப்பியே நிறுத்தினார். தெருவில் நின்றிருந்த மற்ற வண்டிகளிலும் பாதிக்கு மேல் அப்படித்தான் நின்றிருந்தன.

தங்கிய வீடு தகரக் கூரை போட்ட பழைய மர வீடு. அறைக்கு நாளொன்றுக்கு 35,000 பேசோ, நம் கணக்கில் மூவாயிரம் ரூபாய். வீட்டுக்கார அம்மாள், ஊர் வழக்கப்படி இரவு உணவுக்குப் பதிலாக, மாலையிலேயே தேநீரும் ரொட்டியும் ருபார்ப் தண்டில் செய்த புளிப்பு ஜாமும் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து நான் சாப்பிடுவதை மேற்பார்வை பார்த்தார். ஜன்னல் கண்ணாடி சட்டத்துக்குள் கடகடவென்று ஆடிக்கொண்டிருக்கும்போதே, நாளைக்குக் காற்று இருக்கும் என்று அறிவித்தார். அப்படியானால் இப்போது அடிப்பதற்கு என்ன பெயர் என்று கேட்குமளவுக்கு எனக்கு ஸ்பானிய மொழி போதவில்லை. இரவு பத்து மணி தாண்டியும் வெளிச்சம் போகாததால், கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்க வேண்டியிருந்தது.

ஜனவரி 14, செவ்வாய், காலை

நீரிணையின் நடுவே இருக்கும் மக்தலேனா தீவுக்குப் படகில் போய் மகெல்லன் பெங்குவின்களைப் பார்ப்பதுதான் இன்றைய திட்டம். ஆறு மணிக்கே படகு நிறுவனத்தின் வாசலில் முப்பது பேர் நடுங்கிக்கொண்டு நின்றோம். காற்றின் வேகத்தால் துறைமுகம் மூடப்பட்டிருப்பதாகக் கடற்படை அறிவித்துவிட்டது என்றும், சிறிய படகு எதுவும் இன்று கிளம்பாது என்றும் உள்ளிருந்து வந்த பெண் சொன்னாள். துறைமுகத்தை மூடும் அதிகாரம் இங்கே கடற்படையிடம் இருப்பதால் யாரும் அவளிடம் வாதாடவில்லை. பணத்தைப் பற்றித்தான் வாதாடினோம். வேறு தேதி தருவோம், பணம் தரமாட்டோம் என்றாள். அவள் தந்த தேதியில் நான் விமானத்தில் இருப்பேன் என்பதைப் பயணச்சீட்டைக் காட்டி நிரூபிக்க முக்கால் மணி நேரமும், பாதித் தொகை திரும்பி வர மேலும் அரை மணி நேரமும் ஆயின. ஆக, காலை எட்டு மணிக்கு எந்த வேலையும் இல்லாத ஆளாகி, நகரின் நடுவிலுள்ள சதுக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இருட்டும்வரை மனிதர்களைப் பார்ப்பதைத் தவிர இன்று வேறு எதுவும் செய்யவில்லை.

காற்று அடிக்கும் ஊரில் மனிதர்கள் நடப்பதைப் பார்ப்பது தனி இன்பம். வெளியூர்க்காரர்கள் காற்றோடு சண்டை போடுகிறார்கள். தலையைக் குனிந்து, தோளை முறுக்கி, நான்கு அடி நடந்து நின்றுவிடுகிறார்கள். ஊர்க்காரர்கள் இடுப்புக்கு மேல் சற்றே சாய்ந்து, கால்களை அகட்டி வைத்து, வேகம் குறையாமல் போகிறார்கள். தெருமுனைக்கு இரண்டு அடி முன்பாகவே அவர்கள் உடம்பு சாயத் தொடங்கிவிடுகிறது. மூலையைத் திரும்பியதும் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வந்து இடிக்கும் என்பது பழக்கத்தில் தெரிந்திருக்கிறது. ஒரு பெண் குழந்தை வண்டியை முன்னால் தள்ளாமல் பின்னால் இழுத்துக்கொண்டு, காற்றுக்குத் தன் முதுகைக் கொடுத்து, பின்னோக்கியே தெருவைக் கடந்தாள். இரண்டு நடுத்தர வயதுக்காரர்கள் சந்தித்துக்கொண்டபோது உடனே கட்டிப்பிடிக்கவில்லை; பேசாமல் நான்கு எட்டு நடந்து வங்கிச் சுவரின் மறைவுக்குப் போய், அதன் பிறகுதான் முகம் மலர்ந்து தழுவிக்கொண்டார்கள். குடை வைத்திருந்தவர் ஒருவரும் இல்லை. மிகக் கடுமையாக அடிக்கும் நாட்களில் சதுக்கத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, மக்கள் அதைப் பிடித்துக்கொண்டு நடக்க ஏற்பாடு செய்வதுண்டு. இன்று கயிறு கட்டவில்லை என்பதால், ஊர்க் கணக்கில் இது நடுத்தரமான காற்று என்று புரிந்துகொண்டேன்.

சதுக்கத்தின் ஓரத்தில் கைவினைப் பொருள் விற்பவர்கள் வரிசையாகக் கடை போட்டிருந்தார்கள். கம்பளிக் காலுறை, மரத்தில் செதுக்கிய பெங்குவின், நீலக்கல் பதித்த மோதிரம். காலுறை விற்ற அம்மாள் சரக்கின் மேல் மீன்வலையை விரித்து, அதன் நான்கு மூலைகளிலும் கடற்கரைக் கூழாங்கல்லைத் தொங்கவிட்டிருந்தார். வாங்குபவர் விரலால் சுட்டிக்காட்ட, அவர் வலைக்குள் கையை விட்டு அந்த ஜோடியை மட்டும் உருவிக் கொடுப்பார். தெருவின் இறக்கத்தில் நீரிணை தெரிந்தது. அதில் ஒரு பெரிய வெள்ளைச் சுற்றுலாக் கப்பல் நங்கூரமிட்டு நின்றிருந்தது. துறைமுகம் மூடியதால் அதிலிருந்து ஒரு பயணியும் கரை இறங்க முடியாது. வியாபாரிகள் அனைவரும் பேச்சுக்கு நடுவே நொடிக்கொரு முறை அந்தக் கப்பலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். பத்து மணி வாக்கில் காலுறை அம்மாள் அதைப் பார்த்துக் கையை உதறிவிட்டு, பிளாஸ்கைத் திறந்து பக்கத்துக் கடைக்காரருக்கும் எனக்கும் காப்பி ஊற்றினார். நான் எதுவும் வாங்கியிருக்கவில்லை. பிறகு வெட்கப்பட்டு ஒரு ஜோடி வாங்கினேன், 9,000 பேசோ. இதை எழுதும்போது காலில் அதுதான் இருக்கிறது.

சதுக்கத்தின் நடுவில் மகெல்லனின் வெண்கலச் சிலை நிற்கிறது. இந்த நீரிணையை அவர் 1520இல் கடந்ததன் நானூறாம் ஆண்டை ஒட்டி, ஆட்டுப் பண்ணைப் பெருமுதலாளியான ஹோசே மெனேண்டசின் கொடையில் 1920இல் எழுந்த சிலை. மகெல்லன் உயரத்தில் நின்று கடலைப் பார்க்கிறார். அவர் காலடியில் பழங்குடி மனிதர்களின் உருவங்கள் இருக்கின்றன. அவர்களில் ஒருவரின் தொங்கும் காலைத் தொட்டாலோ முத்தமிட்டாலோ மீண்டும் இந்த ஊருக்கு வருவோம் என்பது நம்பிக்கை. சிலை முழுவதும் கறுத்துக் கிடக்க, அந்தக் கால் மட்டும் தேய்ந்து தங்கம்போல மின்னுகிறது.

அந்தக் காலைத் தொட வருபவர்களை ஒரு மணி நேரத்துக்கு மேல் பார்த்தேன். ஒரு பிரேசில் குடும்பம் பாட்டியைத் தூக்கிப் பிடித்து முத்தமிட வைத்தது. இரண்டு ஜெர்மானியர்கள் கிருமிநாசினியைக் கையில் தடவிக்கொண்டு தொட்டு, தொட்ட பிறகும் தடவிக்கொண்டார்கள். ஊர்க்காரர் என்று நடையிலேயே தெரிந்த ஒரு பெரியவர் செய்தித்தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நடையை நிறுத்தாமல், நம் ஊரில் கோயிலைக் கடப்பவர் கன்னத்தைத் தொட்டுக்கொள்வதுபோல, அந்தக் காலை ஒரு விரலால் தட்டிவிட்டுப் போனார். அவர் எங்கிருந்து எங்கே திரும்பி வருவதற்காகத் தொட்டாரோ.

கொடை தந்தவர் யார் என்று தெரிந்தபின் எனக்குத் தொட மனம் வரவில்லை. 1877இல் பால்க்லாந்து தீவுகளிலிருந்து முதல் ஆடுகள் இங்கே வந்து இறங்கின. அடுத்த சில பத்தாண்டுகளில் எதிர்க்கரையிலுள்ள தியேரா தெல் புவேகோ தீவின் புல்வெளிகள் ஒரு சில குடும்பங்களின் பண்ணைகளாக மாறின. அங்கே காலங்காலமாக வேட்டையாடி வாழ்ந்த செல்க்னாம் மக்கள் வேலிக்குள் வந்த ஆட்டைப் பிடித்ததற்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், கொன்றவர்களுக்குக் கூலியும் கொடுக்கப்பட்டது. மெனேண்டஸ் அந்தப் பண்ணைக் குடும்பங்களில் முதன்மையானவர். 2019இல் நாடெங்கும் போராட்டங்கள் வெடித்தபோது, இந்த ஊர் மக்கள் மெனேண்டசின் மார்பளவுச் சிலையைப் பெயர்த்து இழுத்துக்கொண்டு வந்து, இதே பழங்குடி உருவத்தின் காலடியில் போட்டார்கள். செல்க்னாம் மக்கள் அழிந்துபோனவர்கள் அல்லர், இன்றும் வாழும் ஓர் இனம் என்று சிலே அரசு சட்டப்படி ஏற்றுக்கொண்டது 2023இல்தான். காலைத் தொட வருபவர்களுக்கு இதைச் சொல்லும் ஆள் யாரும் அங்கே இல்லை. சொல்லியிருந்தாலும் பாட்டியைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

ஜனவரி 14, செவ்வாய், பிற்பகல்

மதியம் பன்னிரண்டரைக்குக் கடைகளில் பாதி கதவைச் சாத்திக்கொண்டன. சாப்பாட்டுக்காக மூடிவிட்டு மூன்று மணிக்குத் திறக்கும் பழைய வழக்கம் இங்கே இன்னும் முற்றிலும் போகவில்லை. ஆனால் ரோக்கா தெருவில் இருக்கும் கியோஸ்கோ ரோக்கா என்ற சிறிய கடையில் மட்டும் கூட்டம் வாசல்வரை நின்றது. அங்கே இரண்டே பண்டங்களுக்குத்தான் பெயர்: சோரிசோ தொத்திறைச்சியைக் கூழாக்கித் தடவிய சிறிய சூடான பன், அதற்குத் துணையாக வாழைப்பழம் அடித்த குளிர்ந்த பால். காரமான பன்றி இறைச்சியோடு வாழைப்பழப் பாலா என்று முகம் சுளித்தவாறே வாங்கினேன். இரண்டாவது பன்னைக் கேட்டபோது கல்லாக்காரர் சிரிக்கவில்லை, எல்லாரும் அப்படித்தான் கேட்பார்கள் போலும். மொத்தம் ஐயாயிரம் பேசோவுக்குள் முடிந்தது.

அந்தக் கடையில் நாற்காலியை நம்பி யாரும் வருவதில்லை. வழக்கறிஞர்போல் கோட் அணிந்தவர், பிரதிபலிப்புப் பட்டை தைத்த ஆரஞ்சு உடுப்பில் துறைமுகத் தொழிலாளி, விடுமுறையில் இருக்கும் பள்ளிப் பையன்கள், கொலம்பிய உச்சரிப்பில் சத்தமாகப் பேசிய இரண்டு செவிலியர்கள், எல்லாரும் தோளோடு தோள் இடித்து நின்று தின்றார்கள். தின்று முடித்தவர் நகர்ந்து வழிவிடும்போது ‘நல்லபடியாகச் சாப்பிடுங்கள்’ என்று அறியாதவருக்கும் சொல்லிவிட்டுப் போனார். பல ஊர்களில் உணவகப் பணியாளர் சம்பளத்துக்காகச் சொல்லும் சொல்லை இங்கே வாடிக்கையாளர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கும் நான்கு பேர் சொன்னார்கள். ஐந்தாவது ஆளுக்கு நானும் சொல்லிப் பார்த்தேன், நன்றி என்று தலையசைத்தார்.

பிறகு வடக்கே நடந்து நகராட்சிக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். மனிதர்களைப் பார்க்கக் கல்லறைக்குப் போவதா என்று தோன்றலாம். காற்றுக்கு ஒதுங்க ஊரில் அதைவிட நல்ல இடம் இல்லை என்பதால், பிற்பகலில் பாதி ஊர் அங்கேதான் நடை பழகுகிறது. உருளை வடிவத்தில் கத்தரித்த சைப்ரஸ் மரங்கள் இரு பக்கமும் சுவர்போல நெருங்கி நிற்க, நடுவே காற்றே இல்லாத நீண்ட பாதைகள் ஓடுகின்றன. முகப்பின் பெரிய வாயிலைக் கட்டிக் கொடுத்தவர் சாரா பிரவுன். இன்றைய லாட்வியாவில் பிறந்து, சிறுமியாக 1874இல் இங்கே வந்து, பின்னாளில் கணவரின் சொத்தை ஏற்று நடத்தி, இந்தப் பிரதேசத்தின் பெரும் செல்வந்தர்களில் ஒருவரானவர். தன் சடலம் நுழைந்த பிறகு அந்த நடுவாசலை யாருக்கும் திறக்கக் கூடாது என்று அவர் நிபந்தனை விதித்ததாக ஊரில் சொல்கிறார்கள். கதையாகவே இருக்கட்டும், நடுவாசல் என்னவோ மூடித்தான் இருக்கிறது, நாங்கள் எல்லாரும் பக்கவாசல் வழியாகத்தான் போனோம்.

பெயர்களைப் படித்துக்கொண்டே நடந்தால் ஊர் எப்படி உண்டானது என்பது விளங்கிவிடுகிறது. ஆங்கிலேய மாலுமிகள், ஜெர்மானியக் கடைக்காரர்கள், சிலோயே தீவிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். இவர்களோடு, ‘இச்’ என்று முடியும் குரோவேசியப் பெயர்கள் வரிசை வரிசையாக. 2022இல் நாட்டின் அதிபரான காப்ரியேல் போரிச் 1986இல் பிறந்ததும் இந்த ஊரில்தான். அவர் பெயரும் அந்த வரிசையைச் சேர்ந்தது. ஒரு கல்லறையில் எண்பது வயதைத் தொடும் அம்மையார் ஒருவர் பல் துலக்கும் தூரிகையால் எழுத்துகளின் இடுக்கிலிருந்த பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். தண்ணீர்க் குடுவையைத் தூக்கிக் கொடுத்ததற்கு நன்றியாக அவர் குடும்ப வரலாறே எனக்குக் கிடைத்தது. அட்ரியாட்டிக் கடலிலுள்ள பிராச் தீவில் திராட்சைக் கொடிகளுக்குப் பூச்சி விழுந்து தோட்டமெல்லாம் பட்டுப்போனபோது, அவருடைய தாத்தா இங்கே தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறினார். தங்கம் கிடைக்கவில்லை, ஆகவே ரொட்டிக்கடை வைத்தார். திரும்பிப் போகவே இல்லையா என்று கேட்டேன். போகக் காசு சேர்ந்தபோது போகும் ஆசை போய்விட்டது என்றார். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு களிம்புக் குழாயை எடுத்து என் உள்ளங்கையில் பிதுக்கி, மூக்கில் தடவிக்கொள்ளச் சொன்னார். அப்போதுதான் மூக்கும் கன்னமும் எரிவது தெரிந்தது. குளிரில் வெயில் உறைக்காது. ஆனால் தென்துருவத்து ஓசோன் படலம் வசந்த காலத்தில் மெலியும்போது அந்த மெலிவு இந்த ஊர்வரை எட்டிவிடுவதால், புற ஊதாக் கதிர் விஷயத்தில் இங்குள்ளவர்கள் எல்லாப் பருவத்திலும் உஷாராக இருக்கிறார்கள். கதிர்வீச்சின் அளவை நிறத்தால் காட்டும் பலகையும் இங்கே உண்டு.

கல்லறைத் தோட்டத்தின் ஒரு மூலையில் பெயர் தெரியாத பழங்குடி மனிதர் ஒருவரின் வெண்கலச் சிலை இருக்கிறது. சுற்றுச்சுவர் முழுக்க நன்றிப் பலகைகள்: வேண்டியது கிடைத்தது, நன்றி; மகன் பிழைத்தான், நன்றி. இங்கேயும் சிலையின் கையும் காலும் தொட்டுத் தொட்டுப் பளபளக்கின்றன. மளிகைப் பையோடு வந்த இளம்பெண் ஒருத்தி ஒரு நாணயத்தை வைத்து, வெண்கலக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு, உதடு அசைய இரண்டு நிமிடம் நின்றாள். அவள் ஊரின் எந்த அடுக்கைச் சேர்ந்தவள், குரோவேசியப் பாட்டியின் பேத்தியா, சிலோயேக்காரியா, நேற்று வந்த வெனிசுவேலாக்காரியா என்று சொல்லத் தெரியவில்லை. காலையில் சதுக்கத்தில் பார்த்ததையும் இதையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குச் சங்கடமாக இருந்தது: தங்கள் இடத்திலிருந்து துடைத்தெறியப்பட்டவர்களிடம்தான் இந்த ஊர் மீண்டும் வரவும் வேண்டிக்கொள்கிறது, பிள்ளை பிழைக்கவும் வேண்டிக்கொள்கிறது. பக்தியா, பயமா, கணக்குத் தீர்க்கும் முயற்சியா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டிருக்க முடியாது. அவளுக்கு அவசரமான வேண்டுதல் ஏதோ இருந்தது.

ஜனவரி 14, செவ்வாய், மாலை

ஏழு மணிக்குக் கடற்கரைச் சாலையில் பகல்போல் வெளிச்சம். பழைய மரத்துறையின் எஞ்சிய தூண்களிலும் பலகைகளிலும் கறுப்பு வெள்ளை நீர்க்காகங்கள் இடம் விடாமல் நின்றன. மாலை நடைக்கு வந்தவர்கள் பாதிப் பேர் காரைவிட்டு இறங்கவே இல்லை. நீரிணையைப் பார்த்து வண்டியை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, மாத்தே தேநீர்க் குவளையை ஓட்டுநர் இருக்கைக்கும் பின்னிருக்கைக்குமாக மாற்றி மாற்றிக் குடித்தார்கள். காருக்குள் உட்கார்ந்து பார்ப்பதையும் இங்கே உலாவுவது என்றே சொல்வார்களாக இருக்கும். தெருநாய்கள் வண்டி வண்டியாகப் போய்க் கதவருகே உட்கார்ந்தன. சில கண்ணாடிகள் ஒரு அங்குலம் இறங்கி, ரொட்டித் துண்டு வெளியே வந்தது.

என் தொப்பி பறந்தது இங்கேதான். சறுக்குப் பலகை விளையாடும் திடலுக்குள் உருண்டு ஓடிய அதை ஒரு பையன் பலகையிலிருந்து இறங்காமலே காலால் மிதித்து நிறுத்தி, எடுத்துத் தூசி தட்டி, என்னிடம் கொடுக்காமல் தானே என் தலையில் வைத்து, என் மழைக்கோட்டின் தலையுறையை அதன் மேல் இழுத்து, கயிற்றைத் தாடைக்குக் கீழே முடிந்துவிட்டான். பதினான்கு வயது இருக்கும். இந்த ஊரில் தொப்பிக்குமேல் எப்போதும் இன்னொன்று வேண்டும் என்றான்.

1914இல் பனாமா கால்வாய் திறக்கும்வரை, இரு சமுத்திரங்களுக்கிடையே போகும் கப்பல்கள் நிலக்கரிக்கும் தண்ணீருக்கும் இந்தக் கரையில் ஒதுங்கின. ஊரின் பழைய மாளிகைகளும் பெருமையும் அந்தக் காலத்தவை. கால்வாய் திறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1916 செப்டம்பர் 3 அன்று, ஊரே இந்தக் கரையில் திரண்டு வேடிக்கை பார்த்தது. அண்டார்க்டிகாவில் கப்பலை இழந்து யானைத் தீவில் சிக்கிக் கிடந்த, துருவப் பயணி ஷாக்கிள்டனின் ஆட்கள் 22 பேரை, லூயிஸ் பார்தோ என்ற சிலே கடற்படை வீரர் ‘யெல்சோ’ என்ற சிறு நீராவிக் கப்பலில் மீட்டுக் கொண்டுவந்து சேர்த்த நாள் அது. மாதக்கணக்கில் குளிக்காமல், முடி வெட்டாமல், சீல் கொழுப்புப் புகையில் கறுத்துப்போயிருந்த அந்த மனிதர்களை இந்த ஊர்க்காரர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்தேன். இன்று என்னைப் பார்த்ததுபோலத்தான் பார்த்திருப்பார்கள்: முதலில் ஏதாவது குடிக்கக் கொடுத்துவிட்டு, பிறகு மூக்கில் களிம்பு.

ஜனவரி 15, புதன்

காலையில் மழை, நடுப்பகலில் வெயில், இடையில் கால் மணி நேரம் ஆலங்கட்டி. வரி விலக்கு பெற்ற வணிக வளாகத்துக்கு ஷேர் டாக்ஸியில் போனேன். எண் எழுதிய கார்கள் குறிப்பிட்ட வழித்தடத்தில் ஓடுகின்றன, நான்கு பேர் ஏறலாம், பின்னிருக்கைக்காரர் பணத்தை முன்னிருக்கைக்காரர் வாங்கி ஓட்டுநரிடம் கொடுக்க, மீதிச் சில்லறை அதே வழியில் திரும்பி வருகிறது. வளாகம் பெரிதாகச் சொல்லும்படி இல்லை. தொலைக்காட்சிப் பெட்டி, டயர், வாசனைத் திரவியம். அர்ஜென்டீனா எண் பலகை போட்ட வண்டிகளின் கூரைமேல் டயர்களை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மின்சாதனக் கடையின் கல்லாவுக்குப் பின்னால் பிள்ளையார் படமும் ஊதுவத்தியும் இருந்தன. சிந்து மாகாணத்து ஐதராபாத்திலிருந்து கிளம்பிய வணிகக் குடும்பங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உலகத் துறைமுகங்கள் பலவற்றில் கிளை பரப்பியபோது, இந்தக் கடைக்கோடியையும் விட்டுவைக்கவில்லை. கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும், இங்கேயே பிறந்தவர். என் அரைகுறை இந்தியும் அவருடைய அரைகுறை இந்தியும் இரண்டு வாக்கியத்துக்கு மேல் போகவில்லை. ஸ்பானிய மொழியில் அவர் சரளமாகப் பேச, நான் தலையாட்டினேன். தமிழ்நாட்டில் எத்தனை டிகிரி குளிர் என்று கேட்டார். குளிரே கிடையாது என்றதும், இருபது டிகிரியைத் தாண்டினால் தன் பிள்ளைகள் சுருண்டு படுத்துவிடுவார்கள் என்று பெருமையாகச் சொன்னார். ஒரு சார்ஜர் வாங்கினேன். கழிவு கேட்டேன், தரவில்லை. ஊதுவத்திப் பெட்டியிலிருந்து நான்கு குச்சியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

மதியம் கடலோரச் சந்தைக் கட்டடத்தின் மாடியில் ராட்சத நண்டுச் சதையைப் பாலேட்டிலும் ரொட்டித் துண்டிலும் கலந்து மேலே சீஸ் உருக்கிய மண்சட்டி, 16,000 பேசோ. இந்தப் பயணத்தில் அதிக விலை கொடுத்துத் தின்றது இதைத்தான், மிளகாய் தேவை என்று தோன்றியதும் இதற்குத்தான். பத்து சதவீத அன்பளிப்பைச் சேர்க்கலாமா என்று பணியாளர் கேட்டுவிட்டே ரசீது போடுகிறார். பக்கத்து மேசைக்காரர் வேண்டாம் என்றபோதும் அவர் முகம் மாறவில்லை.

ஜனவரி 16, வியாழன்

துறைமுகம் திறந்துவிட்டது. பெங்குவின் படகில் இடமில்லை. ஆகவே எதிர்க்கரையில் தியேரா தெல் புவேகோவிலுள்ள போர்வெனீர் என்ற சிற்றூருக்குப் போகும் வண்டிக் கப்பலில் ஏறினேன். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும் பயணம். லாரி ஓட்டுநர்கள் கப்பல் கிளம்பும் முன்பே இருக்கைகளில் நீட்டிப் படுத்துத் தூங்கிவிட்டார்கள். நடு நீரிணையில் கறுப்பு வெள்ளை டால்பின்கள் கப்பலோடு பந்தயம் ஓடியபோது நான் ஒருவர்தான் கூச்சலிட்டேன். ஒரு ஓட்டுநர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

கப்பல் அடையும் துறையிலிருந்து ஊர் ஐந்து கிலோமீட்டர். பேருந்து ஏதும் தென்படவில்லை. நடக்கத் தொடங்கியவனை ஒரு பழைய வேன் வழிமறித்தது. உள்ளே பாட்டி, மகள், இரண்டு பேரக் குழந்தைகள், ஒரு மூட்டை உருளைக்கிழங்கு. மூட்டையை மடியில் வைத்துக்கொண்டால் எனக்கு இடம் உண்டு என்றார்கள். போர்வெனீரில் எந்த ரொட்டிக்கடை இன்று திறந்திருக்கும் என்பதில் தாய்க்கும் மகளுக்கும் வழி முழுதும் சண்டை. ஊர்ச் சதுக்கத்தில் இறக்கிவிட்டபோது நான் நீட்டிய பணத்தைப் பாட்டி திருப்பித் தந்துவிட்டு, வேறு கூலி கேட்டார்: மாலைக் கப்பலில் தாங்களும் திரும்புவதாகவும், நான் ஒற்றை ஆள் என்பதால் முன்னதாக ஏறி இடது பக்க ஜன்னலோரம் ஐந்து இருக்கைகளைப் பிடித்து வைக்க வேண்டும் என்றும், வலது பக்கம் அலை அடித்துக் கண்ணாடி மறைந்துவிடும் என்றும், லாரிக்காரர்கள் வந்து படுப்பதற்குள் நான் என் கோட், பை, தொப்பி எல்லாவற்றையும் பரப்பி வைத்துவிட வேண்டும் என்றும் கட்டளையிட்டார். ஐந்தா என்று விரலை விரித்துக் கேட்டேன். அவர்கள் நான்கு பேர், நான் ஒருவன். மூட்டை இந்த ஊரிலேயே இறங்கிவிடும் என்றார்.